ஒன்பதாம் பிரிவு

மசோதா வாட்ஸ்அப்பில் வந்தது. நாற்பத்தாறு பக்கம். சங்கத்துக் குழுவில் அரை மணி நேரத்துக்குள் ஏழு பேர் அதைப் போட்டார்கள். ஏழு பேரும் கும்பிடும் கைகளோடு போட்டார்கள். இரண்டாம் பக்கத்தை ஒருவரும் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று பாலச்சந்திரனுக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக அந்தத் தமிழ் ஓய்வூதியர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

கீழே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினார். காகிதத்தில் இல்லாததை அவரால் படிக்க முடியாது. கட்கியில் ஒரு ராணுவ அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கோப்பு எழுதியவர். வரிக்கு அடியில் அடிக்கோல் வைத்துத்தான் படிப்பார். அடிக்கோலை நகர்த்தும்போதுதான் அடுத்த வரி அவருக்குப் பிறக்கும்.

மனைவி அமலாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து படித்தார். அவள் இடக்கையால் ஒரு கரண்டி கஞ்சி குடிப்பதற்குள் அவருக்கு ஒரு வரி. கஞ்சி முடிய நாற்பது நிமிஷம் ஆகும்.

மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். பின்னால் படுக்கையில் விழுந்தால் வீட்டுக்கு ஆள் வரும். வீட்டில் முடியாதென்றால் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வருஷக்கணக்கில் குளிப்பாட்டுவது, தூக்குவது, துடைப்பது யார் என்று இதுவரை எந்தச் சட்டமும் கேட்டதில்லை. இது கேட்டது. வரைவுதான். முப்பது நாளுக்குள் யாரும் கருத்துச் சொல்லலாம்.

பாலச்சந்திரனுக்கு வயது எழுபத்துநான்கு. அமலாவுக்கு எழுபது. அவளும் பென்ஷன் வாங்குகிறவள்தான். தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் செத்துப்போனது. பேச்சு பாதி திரும்பி வந்தது. ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல். அந்த மூன்று நான்கையும் அவள் வீணாக்குவதில்லை.

ஆறாம் பிரிவில் அடிக்கோல் நின்றது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் சேர முடியாது. சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர். இருபத்தொன்பது பேர் தாண்டியவர்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

ஒன்பதாம் பிரிவில் மறுபடி நின்றது. சட்டம் அமலுக்கு வரும் நாளில், அட்டவணையில் கண்ட ஆறு காரியங்களில் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத எவரும் இந்தத் திட்டத்தில் சேரத் தகுதியற்றவர்.

அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருந்தது. சாப்பிடுவது. குளிப்பது. உடுத்துவது. கழிப்பறைக்குப் போவது. படுக்கையிலிருந்து எழுவது. நடப்பது. கையில் பென்சில் இருந்த பழக்கத்தில் அவர் ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொண்டே போனார். சாப்பிடுவதைத் தவிர ஐந்துக்கும் குறி விழுந்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று புரிந்தது. அழிக்க ரப்பர் தேடினார். அகப்படவில்லை.

“என்னவாம்?” என்றாள் அமலா.

சொன்னார். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

பவுன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அமலாவைப் பார்த்துக்கொள்ளப் போசரியிலிருந்து காலை எட்டு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் மாவ்ஷி, மராத்தியில் சித்தி. இந்த வீட்டில் மட்டும்தான் பவுன்.

“யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் கிடையாதாங்கய்யா? குடை விக்கிறவன் நனைஞ்சவனுக்கு விக்கமாட்டேன்கிற மாதிரியில்ல இருக்குது?”

“இன்ஷூரன்ஸ்னா அப்படித்தான் பவுன். வரப்போறதுக்குத்தான். வந்ததுக்குக் கிடையாது.”

“அப்ப நான் வந்தது,” என்றாள் அமலா. கஞ்சி போதும் என்று கரண்டியை வைத்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். காசார்வாடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பவுனை இரண்டு மணி நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் பாலச்சந்திரன் வந்திருந்தார். முந்தின நாள் தூக்கம் சரியில்லை. எந்த நாளும் சரியில்லை.

தலைவர் லக்ஷ்மிநாராயணன் லோஹேகாவில் விமானப்படை ஸ்டோர்ஸில் சிவிலியன் அதிகாரியாக இருந்தவர். எண்பத்தொன்று. காலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பதை எல்லோரிடமும் சொல்லுவார்.

“ஓய் செயலாளர், படியும். எல்லாத்தையும் படிச்சீர்னா எங்களுக்குச் சட்டம் வர்றதுக்குள்ள வேற டிக்கெட் வந்துடும். முக்கியமானதை மட்டும் படியும்.”

சிரித்தார்கள். பாலச்சந்திரன் ஆறாம் பிரிவைப் படித்துத் தமிழில் சொன்னார். சிரிப்பு நின்றது.

“எழுபத்தஞ்சா? எவன் போட்டான்?”

“அதுக்கு மேல இருக்கிறவன்தானே விழுவான்? இளவட்டமா விழப்போறான்?”

“விழுவான்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கான்.”

ஐந்து நிமிஷம் சத்தமாக இருந்தது. அடங்கியதும் ரஃபீக் கையைத் தூக்கினார். முகமது ரஃபீக் பொருளாளர். ராணுவ வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். மசோதாவை அவரும் படித்திருந்தார் போலிருந்தது. போனை மூக்கருகே வைத்துக்கொண்டு, “ஒன்பதாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு,” என்றார். “ஏற்கெனவே படுத்திருக்கிறவங்களுக்குக் கிடையாதாம். அதையும் எழுதணும் இல்லியா சார்?”

யாரும் பாலச்சந்திரனைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர் வீட்டிலும் சேர்த்து அப்படிப் படுத்திருந்தது அமலா ஒருத்திதான்.

“எழுதலாம்,” என்றார் லக்ஷ்மிநாராயணன். “ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே.”

வழக்கத்தை ஏற்படுத்தியதே பாலச்சந்திரன்தான். சங்கம் ஆரம்பித்த புதிதில் ஒரு மனு அனுப்பினார்கள். பதினோரு கோரிக்கை. ஆறு மாதம் கழித்து, கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதன் பிறகுதான் அவர் செயலாளரானார். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை என்றார். பத்துக் கேட்டால் மேலே இருக்கிறவன் எதை மறுப்பது சுலபமோ அதை மறுத்துவிட்டு மனுவையே மூடிவிடுவான். ஒன்றைக் கேட்டால் அந்த ஒன்றுக்குப் பதில் எழுதியாக வேண்டும். மருந்தகத்தை மாலையிலும் திறக்கச் சொல்லி ஒரு மனு போனது. திறந்தார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் அது வேதவாக்கு.

“அப்ப எது அந்த ஒண்ணுன்னு முடிவு பண்ணணும்,” என்றார் ரஃபீக்.

பாலச்சந்திரன் எழுந்தார். பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார்.

“நான் கொஞ்சம் வெளியே நிக்கேன்.”

“எதுக்கு ஓய்?”

“என் வீட்டு விஷயம். நான் இருக்கப்பிடாது.”

ஆபீஸில் அப்படித்தான். ஒருவனுடைய சொந்தக் கேஸ் மேஜைக்கு வந்தால் அவன் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது. பேச்சு நடக்கும் அறையில் இருக்கவும் கூடாது. மற்றவர்கள் மனசு விட்டுப் பேச வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் அவருடைய இரண்டு பதவி உயர்வுகளும் அவர் வராந்தாவில் நிற்கும்போதுதான் முடிவானவை.

இங்கேயும் வராந்தா இருந்தது. சுவரில் கை கழுவுவது பற்றி மராத்தியில் ஏழு படங்கள் ஒட்டியிருந்தார்கள். ஒன்று முதல் ஏழு வரை படித்தார். மறுபடியும் படித்தார். உள்ளே குரல்கள் தணிந்து கேட்டன. தான் எதிரில் இருந்தால் கூச்சப்படுவார்கள். இல்லாவிட்டால் ரஃபீக் விடமாட்டார். அமலா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்பது நாள் சாப்பாடு கொண்டு வந்தது அவர் வீட்டிலிருந்துதான். தர்மாம்பாளும் பேசுவாள், அவளும் தபால் ஆபீஸ்தான், அமலாவுக்கு அடுத்த கவுன்டர்.

மூன்றாம் தடவை ஐந்தாவது படத்துக்கு வந்தபோது லக்ஷ்மிநாராயணன் வெளியே வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“முடிஞ்சுது. வாரும். வயசு வரம்பை எடுக்கணும்னு மட்டும் எழுதினாப் போதும். உம்ம மனசு யாருக்கும் வராது ஓய்.”

பாலச்சந்திரன் உள்ளே போய் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். தீர்மானத்தை எழுதினார். ஒருமனதாக என்று எழுதும்போது ரஃபீக்கைப் பார்த்தார். ரஃபீக் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எழுபத்துநான்கு. வயது வரம்பு இருந்தாலும் போனாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

*

“என்ன ஆச்சு?” என்றாள் அமலா.

முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. பவுன் தலை வாரிவிட்டுப் போயிருந்தாள். சன்னலுக்கு வெளியே பழைய மும்பை ரோட்டுக்கு மேலே மெட்ரோ போனது. கீழ்ப் பட்டறைகளுக்கு ஞாயிறு விடுமுறை. அந்த அமைதியில் வீடு வேறு யாருடையதோ போலிருந்தது.

நடந்ததைச் சொன்னார். வரிசையாக, ஒன்றும் விடாமல்.

“நீங்க இல்லாமயா?”

“நான் வெளிய நின்னேன்.”

“ஏன்?”

“முறை அது. நம்ம விஷயத்தை நாமளே பேசப்பிடாது.”

அவள் சொல் சேர்க்கிறாள் என்று அவர் காத்திருந்தார்.

“எழுந்து வெளிய போக,” என்றாள், “உங்களுக்குக் கால் இருக்கு.”

அவர் நோட்டை மேஜை மேல் வைத்தார்.

“ரஃபீக் பேசுவார்னு நினைச்சேன்.”

“நீங்க பேசாததை… அவர் எதுக்குப் பேசணும்?”

பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் ஹைதராபாத்திலிருந்து மகள் தேஜஸ்வினி போன் செய்தாள். அமலா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அப்பா எப்படி என்று கேட்டதற்கு, “முறையா இருக்காரு,” என்றாள். மகளுக்குப் புரியவில்லை. அரைகுறைத் தமிழில், “முறைக்கறாரா?” என்றாள். “இல்ல. அது தெரிஞ்சாத் தேவலையே,” என்றாள் அமலா.

*

புதன்கிழமை மனு தயாரானது. ஒன்றரைப் பக்கம். அதற்குக் கீழே வேறு காகிதத்தில் இன்னொரு பத்தி இருந்தது. அதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு பாலச்சந்திரன் லோஹேகாவுக்கு பஸ் ஏறினார். விஸ்ராந்த்வாடியில் மாறினார். நிற்க இடம் கிடைத்தது. ஒரு பெண் எழுந்து, “பஸா காகா,” என்று உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பினான்.

லக்ஷ்மிநாராயணன் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாரும் வாரும். பாமா, பாலு வந்திருக்கார். காபி.”

உள்ளே உட்கார்ந்ததும் மனுவை வாங்கினார். படிக்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“எங்க கையெழுத்து?”

“படிங்க சார்.”

“உம்ம டிராஃப்டை நான் படிக்கறதா? கர்னல்களே படிக்காமப் போட்டான்னு நீர்தானே சொல்லுவீர்.”

“இன்னொரு பேப்பர் இருக்கு. அதைப் படிங்க.”

தலைக்கு மேலே ஒரு போர் விமானம் போனது. அது போய் முடியும்வரை இருவரும் சும்மா இருந்தார்கள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேச்சை நிறுத்தி வைப்பார்கள். சத்தம் அடங்கியதும் லக்ஷ்மிநாராயணன் அந்தப் பத்தியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒன்பதாம் பிரிவு.”

“ஆமா சார்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?”

“நான் இல்லாம நீங்க பேசட்டும்னு வெளிய போனேன்.”

லக்ஷ்மிநாராயணன் அவரையே பார்த்தார்.

“ஓய், நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? இவர் எழுந்து போறார், இது வேண்டாம்னு நாசூக்காச் சொல்றார்னு நினைச்சோம். ரஃபீக் ஆரம்பிச்சான். நான்தான் அடக்கினேன். செயலாளரே பெருந்தன்மையா விட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கார், நாம கிளறினா அவருக்குத்தான் சங்கடம்னேன். தர்மாம்பாள் கண்ணைத் துடைச்சுண்டா.”

பாலச்சந்திரனுக்கு வராந்தாவில் நின்ற ஆறு நிமிஷமும் நினைவுக்கு வந்தது. எவ்வளவு நம்பிக்கையோடு நின்றோம் என்பதும்.

லக்ஷ்மிநாராயணனின் மனைவி பாமா காபி கொண்டு வந்தாள். “அமலா எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகாமல் நின்றாள். “அது என்னன்னா ஒன்பதாம் பிரிவு?”

லக்ஷ்மிநாராயணன் சொன்னார்.

“சட்டம் என்னிக்கு வரும்?”

“யாருக்குத் தெரியும்? வருஷம் ஆகும்.”

“அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் விழுந்தா?”

“அபசகுனமாப் பேசாதே.”

“‘விழுந்தா’ன்னு சொன்னா விழுந்துடுவேனா? கேக்கறேன்.”

“பாமா, உள்ளே போ.”

அவள் போகவில்லை. கதவோரம் நின்றாள். லக்ஷ்மிநாராயணன் குரலைத் தணித்தார்.

“பாலு, தப்பா எடுத்துக்காதீர். பத்தி எரியற வீட்டுக்கு எவன் இன்ஷூரன்ஸ் தருவான்?”

“கடைக்காரன் அப்படிச் சொல்லலாம் சார். இது சட்டம்.”

“சட்டம்தான். நடத்தறது யாரு? கணக்குப் பாக்கறவன். விழுந்தவாளை எல்லாம் சேர்த்தாக் கட்டுப்படியாகாதும்பான். இதையே சாக்கா வெச்சுண்டு வயசையும் தொடமாட்டான். ரெண்டு கேட்டா ரெண்டும் போகும். யாரோட வார்த்தை இது?”

“என்னோடது.”

“அப்புறம்?”

“தப்பா இருக்கலாம்.”

லக்ஷ்மிநாராயணன் எழுந்து சன்னலருகே போனார். நடை சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பாலச்சந்திரன் பார்த்தார். பார்த்ததை அவரும் பார்த்தார்.

“நாலு கிலோமீட்டர் போன வருஷத்தோட போச்சு,” என்றார் லக்ஷ்மிநாராயணன். “இப்போ பார்க் பெஞ்சு வரைக்கும்தான். பையன் ஷ்ரேயஸ் சியாட்டில்ல இருக்கான். வருஷத்துக்குப் பத்து நாள் வரான். நான் விழுந்தா இவ தூக்கணும். இவ விழுந்தா நான் தூக்கணும். ரெண்டு பேருமே தூக்கற ஜாதி இல்லை. எனக்கு இந்தச் சட்டம் வேணும் பாலு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.”

“தெரியும் சார்.”

“சரி. நீர் நேர்மையான ஆள். ஒண்ணு கேக்கறேன். உம்ம வீட்டை மறந்துடும். நீர் ஆபீஸ்ல இருக்கீர். என் இடத்துல வேற ஒருத்தர், உம்ம இடத்துல வேற ஒருத்தர். இந்த ரெண்டையும் ஒரே மனுவில சேர்க்கலாமான்னு உம்மகிட்டக் கோப்பு வருது. என்ன எழுதுவீர்?”

மேலே இன்னொரு விமானம் போனது. இது நீண்ட நேரம் போனது. அது முடிந்ததும் ஒரு பதில் சொல்ல வேண்டும். சேர்க்கலாம் என்று சொன்னால் இந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று பாலச்சந்திரனுக்குத் தெரிந்தது. பாமா கதவோரம் நிற்கிறாள். ஒரு சொல் போதும்.

“சேர்க்க வேண்டாம்னு எழுதுவேன்,” என்றார்.

“ஈஸ்வரா,” என்றார் லக்ஷ்மிநாராயணன். “பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாமே ஓய்.”

“வரலை சார்.”

ஒன்றரைப் பக்க மனுவில் கையெழுத்து விழுந்தது. மற்றக் காகிதத்தை லக்ஷ்மிநாராயணன் மடித்து உறைக்குள் வைத்துத் தானே நீட்டினார். வாசல் வரை வந்தார். பாமா ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சல் போட்டுக் கொடுத்தாள். அமலாவுக்குப் புளிப்புக் கூடாது. வாங்கிக்கொண்டார்.

*

மறுநாள் காலை அமலாவைக் குளிப்பாட்டி உட்கார வைத்த பிறகு அவளிடம் சொன்னார்.

“பொய் வரலைன்னீங்களாக்கும்.”

“ஆமா.”

“எனக்கு வரும். என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பு இல்லை. பவுன்தான் சிரித்தாள்.

“இதுக்கெல்லாம் சங்கம்தான் எழுதணுமாங்கய்யா? தனி ஆள் எழுதக் கூடாதா?”

எழுதலாம். மசோதாவின் முதல் பக்கத்திலேயே இருந்தது: யாரும். அவர் அந்தச் சொல்லுக்கு அடியில் அடிக்கோல் வைத்துப் படித்திருந்தார். யாரும் என்பதில் தானும் அமலாவும் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“நான் எழுதுதேன்,” என்றார்.

“நீங்க இல்ல,” என்றாள் அமலா. “நான்.”

தேஜஸ்வினி இணைப்பை அனுப்பினாள். போனில் ஒரு பெட்டி திறந்தது. பெயர், பணி, ஓய்வு பெற்ற துறை. கீழே கருத்துக்கு ஒரு கட்டம். ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. ஆங்கிலம் அல்லது இந்தி. அமலா தமிழில் சொல்ல வேண்டும், அவர் ஆங்கிலத்தில் காகிதத்தில் எழுத வேண்டும், பிறகு பார்த்து போனில் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவர் முதல் வரியை எழுதிவிட்டார். கீழே கையொப்பமிட்டுள்ளவள் மிகுந்த தாழ்மையுடனும் மரியாதையுடனும் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிப்பது யாதெனில்.

“சொல்லு,” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடையில் பவுன் தண்ணீர் கொடுத்தாள்.

“என் பேர் அமலா. தபால் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம். உங்க சட்டம் வரதுக்கு முந்தி… நான் விழுந்துட்டேன். காத்திருக்கத் தெரியலை.”

“அதை எப்படி எழுத?”

“அப்படியே எழுதுங்க.”

எழுதினார்.

“ஆறு காரியத்துல எனக்கு ஒண்ணுதான் முடியும். சாப்பிட மட்டும். அதுவும் இடக்கையில. மீதி அஞ்சுக்கு… ஒரு பொம்பளை வாரா. அவ போனப்புறம் என் வீட்டுக்காரர்.”

பேனா நகர்ந்தது.

“அவருக்கு எழுபத்துநாலு. இடுப்பு போச்சு. என்கிட்டச் சொல்லமாட்டாரு. குனிஞ்சா நிமிரச் சுவத்தைப் பிடிக்காரு. என்னைச் சேர்க்காட்டா… அவரும் விழுவாரு. அப்ப ரெண்டு பேர்.”

“அது வேண்டாம்,” என்றார் பாலச்சந்திரன்.

“எழுதுங்க.”

“அது உன் விஷயம் இல்லையே.”

“பின்ன யார் விஷயம்?”

பவுன் அடுப்படிக்குப் போய்விட்டாள். கீழே பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அவர் எழுதினார்.

ஒரு விரலால் போனில் அடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசிச் சொல்லுக்கு வந்தபோது கட்டம் சிவந்தது. நூற்றுப் பதினெட்டு எழுத்து அதிகம் என்று காட்டியது.

முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதை வெட்டியவர். எங்கே வெட்டலாம் என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. இடுப்பு வரிகளில் விரலை வைத்தார்.

“இதை எடுத்தாச் சரியாப் போவும்.”

“எதை?”

படித்துக் காட்டினார்.

“அது இருக்கட்டும்.”

“பின்ன எதை எடுக்க?”

“மேல இருந்து படிங்க.”

மேலிருந்து படித்தார். தாழ்மை, மரியாதை, மேலான கவனம் எல்லாம் வந்தது. அமலா கண்ணைத் திறந்தாள்.

“அது யாரு சொன்னது?”

“அது வழக்கமா எழுதறது. எல்லா மனுவிலயும் வரும்.”

“நான் சொல்லலையே.”

“அது இல்லாம எப்படி அனுப்ப? மொட்டையா இருக்கும்.”

“எடுங்க.”

ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டு போனார். மேலான கவனம் போனது. மரியாதை போனது. தாழ்மைதான் நீளமாக இருந்தது. கடைசி எழுத்தும் போனபோது சிவப்பு போய்க் கட்டம் வெள்ளையானது. மனு அவள் பெயரில் தொடங்கியது. அதைப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. யாரோ சட்டை போடாமல் அதிகாரி முன்னால் போய் நிற்பது போல.

பொத்தானை அழுத்தினார். ஒரு எண் வந்தது. பன்னிரண்டு இலக்கம். அதை மசோதாவின் பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டார்.

“போயிருச்சா?”

“போயிருச்சு.”

“பதில் போடுவாங்களா?”

“எண் குடுத்திருக்காங்க.”

“நானும் கவுன்டர்ல குடுப்பேன், ரசீது,” என்றாள் அவள். கொஞ்ச நேரம் பட்டறைச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். பிறகு, “உக்காந்தது போதும். படுக்க வைங்க,” என்றாள்.

பவுனைக் கூப்பிடலாம். அவள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். அவர் குனிந்து அமலாவின் இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்தார். அவள் நல்ல கையால் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். தூக்கி, திருப்பி, மெதுவாக இறக்கினார். தலையணையைச் சரி செய்துவிட்டு நிமிரப் பார்த்தார். முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். முகம் அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

“வலிக்கா?” என்றாள்.

“வலிக்கு,” என்றார்.